காவல் நிலையப் பதிவேடுகளின் நகல் பெறும் முறை

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினராகிய நெசவாளர் ஒருவரின் இல்லத்தில் தறியின்மீது ஏறியிருக்கும் பாவு அவருடைய சொந்தப் பொருளன்று. பாவும் ஊடையும் சரிகையும் சங்கம் கணக்கெழுதிக் கொடுத்தவை. நெய்து முடித்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைக்கும் நாள்வரையில் அவை அங்கத்தினரின் பெயரில் பற்றாகவே நிற்கும். ஓர் இரவு கதவை உடைத்து அந்தப் பட்டையும் சரிகையையும் எவரேனும் களவாடிச் சென்றுவிட்டால், நெசவாளர் தம் கூலியை மட்டும் இழப்பதில்லை. தமக்குச் சொந்தமில்லாத பொருளுக்கும் ஈடு சொல்ல வேண்டியவராகிறார். கிணற்று மோட்டாரைப் பறிகொடுத்த உழவர் நிலையும் இதுபோன்றதே. மோட்டார் கடனில் வாங்கியதாயிருக்கும். கடன் தவணையோ நிற்பதில்லை.

இத்தகைய வேளையில் "களவு போயிற்று" என்ற வாய்ச்சொல் எவ்விடத்தும் செல்லாது. சங்கத்தின் நிர்வாகக் குழுவாயினும், காப்புறுதி நிறுவனமாயினும், வங்கியாயினும், நீதிமன்றமாயினும், கேட்பது காவல் நிலையப் பதிவேட்டின் நகலையே. அந்த நகல் சட்டப்படி நமக்குரியது. அதனை எங்கே, எப்பொழுது, எவ்வாறு கேட்பது என்பதை அறிந்தவர் அலைச்சலின்றிப் பெறுகிறார்; அறியாதவர் பன்முறை நடந்தும் வெறுங்கையோடு திரும்புகிறார். ஆதலின் இப்பாடம் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் இன்றியமையாதது.

பதிவேடு யாரிடம் இருக்கிறது?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல ஊராட்சிகள் தத்தமக்கெனத் தனிக் காவற்படை வைத்திருக்கின்றன. அங்கே காவல் பதிவேட்டின் நகலை ஊராட்சி அலுவலகத்திலேயே கேட்பதுண்டு. நம் நாட்டு முறை வேறு. 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம் தொட்டு, இங்கே காவல்துறை அரசாங்கத்தின் துறையாகவே இயங்கி வருகிறது. ஆரணி நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவும் வீட்டு வரிக் கணக்கும் கிடைக்கும். களவு வழக்கின் தாள் கிடைக்காது. ஊராட்சித் தலைவரிடமோ வட்டாட்சியரிடமோ அதற்காக நடப்பதும் வீண்.

குற்றம் நிகழ்ந்த இடம் எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்கு உட்பட்டதோ அந்நிலையத்திலேயே மூலப் பதிவேடு இருக்கும். ஆரணி நகரத்துக்கு ஒரு நிலையமும், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்று தறியோசை கேட்கும் சுற்றூர்களுக்கு அவ்வவற்றின் எல்லைக்குரிய நிலையங்களும் உள்ளன. அவற்றுக்கு மேலே துணைக் காவல் கண்காணிப்பாளரும், அவருக்கும் மேலே திருவண்ணாமலையில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் உள்ளனர். முதல் தகவல் அறிக்கையின் ஒரு படி குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கும் அனுப்பப்படுவதால், நீதிமன்றத்தில் நகல் மனுச் செய்தும் அதனைப் பெறலாம்.

முதல் நாளில் செய்யத்தக்கவை

2024 ஜூலை முதல் நாளிலிருந்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதுச்சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 173ஆம் பிரிவே நமக்கு முதன்மையானது. அப்பிரிவு கூறுவனவற்றுள் நாம் மனத்தில் இருத்த வேண்டியவை நான்கு.

ஒன்று: குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லையன்று" என்று திருப்பி அனுப்புதல் முறையாகாது.

இரண்டு: எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். நிலைய அதிகாரி அதனை எழுதிப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறவேண்டும்.

மூன்று: மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். அவ்வாறு அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் நேரிற் சென்று கையொப்பமிடல் வேண்டும்.

நான்கு: பதிவு செய்யப்பட்ட தகவலின் நகல், புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ கட்டணம் ஏதுமின்றித் தரப்படல் வேண்டும். இதற்கெனத் தனி விண்ணப்பமோ முத்திரைத் தாளோ தேவையில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. புதுச்சட்டம் அதனைப் பாதிக்கப்பட்டவருக்கும் விரித்துரைத்துள்ளது.

நகலில் எவை இருக்க வேண்டும் என்பதைப் புகார் எழுதும் பொழுதே எண்ணிப் பார்க்க வேண்டும். புகாரில் இல்லாதது நகலில் வராது. "பட்டு நூல் களவு போயிற்று" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், பிற்பாடு எத்தனை எடை, யாருடைய பொருள் என்ற வினாக்களுக்கு அந்தத் தாள் விடை சொல்லாது. சங்கத்தின் நூல் வழங்கும் பேரேட்டில் உள்ளபடி பாவின் எடை, ஊடையின் எடை, நிறம், சரிகை எத்தனை மார்க், வழங்கிய நாள், அங்கத்தினர் எண், மொத்த மதிப்பு ஆகிய யாவற்றையும் குறித்து, அவை சங்கத்தின் சொத்து என்பதையும் தெளிவாக எழுதுக. மோட்டாராயின் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் குதிரைத் திறனும் எழுதுக.

மதிப்பைக் குறிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சாதாரணக் களவு, முதன்முறைக் குற்றவாளி செய்ததாயின், போலீஸார் தாமாகவே புலன்விசாரணை செய்யும் குற்றவகையில் சேராது. வீட்டினுள் அல்லது பொருள் சேமித்து வைக்கும் கட்டடத்தினுள் நிகழ்ந்த களவோ, மதிப்பு எவ்வளவாயினும், கடுங்குற்றமாகக் கருதப்படும். ஆகவே தறி வீட்டினுள் இருந்ததா, தறிக் கொட்டகையில் இருந்ததா, வயல்வெளியில் இருந்ததா என்பதைத் தவறாமல் எழுதவேண்டும்.

ரசீதும் அறிக்கையும் ஒன்றல்ல

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் மனுக் கொடுத்தவுடன் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். என்று வழங்கும் மனு ரசீது தருவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கே அது சான்று; வழக்குப் பதிவாயிற்று என்பதற்குச் சான்றன்று. முதல் தகவல் அறிக்கையோ குற்ற எண்ணும் ஆண்டும் சட்டப் பிரிவும் தாங்கிய தாள். காப்புறுதி நிறுவனத்தாரும் வங்கியாரும் கேட்பது இந்த இரண்டாவதையே. ரசீதைப் பெற்றதும் வேலை முடிந்ததென வீடு திரும்பி, மாதங்கள் கடந்தபின் வழக்கே இல்லையென அறிந்து திகைப்போர் பலர்.

எனினும் ரசீதுக்கும் உரிய பயன் உண்டு. போலீஸார் தாமே விசாரிக்கத்தக்க குற்றம் புகாரிலேயே வெளிப்படுமாயின் வழக்குப் பதிவு கட்டாயம் என்று, லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். குடும்பப் பூசல், வாணிகக் கொடுக்கல் வாங்கல் முதலியவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு அவர்கள் இடங்கொடுத்தனர். மாஸ்டர் நெசவாளருக்கும் கூலி நெசவாளருக்கும் நூல் கணக்கில் எழும் வழக்கு இத்தகையது. புதுச்சட்டமும், மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஏழாண்டை எட்டாமலும் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், துணைக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்கிறது. ஆகவே ரசீதில் உள்ள தேதியிலிருந்து 14 நாளை எண்ணிக் கொள்க. அந்நாளில் சென்று, "வழக்குப் பதிவாயிற்றா, இல்லையெனில் முடிவு யாது?" என எழுத்தில் கேட்க வேண்டும்.

வழக்குப் பதிவாயிற்றா என்பதை வீட்டிலிருந்தே அறியவும் வழியுண்டு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஆணையிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் முதலிய நுண்ணியவை மட்டும் இதற்கு விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் மாவட்டம், நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு அறிக்கையைப் பார்க்கலாம். மனு ரசீதின் நிலையையும் அறியலாம். அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் முதலியன களவு போகாமல் தொலைந்து மட்டும் போயிருப்பின், அதற்கென உள்ள தொலைந்த ஆவண அறிக்கையையும் அவ்விடத்தே பதிவு செய்யலாம்.

பதிவு செய்ய மறுத்தால்

நிலையத்தில் சினந்து பேசுவதால் பயனில்லை. சட்டம் காட்டும் படிகளில் ஒவ்வொன்றாக ஏறுதலே முறை. முதற்படி: புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புதல். 2025இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டதால், விரைவு அஞ்சலில் அனுப்பி அதன் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டாம் படி: அதன் பின்னும் பயனில்லையேல் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்தல். முதற்படி ஏறியதற்குச் சான்று இல்லாதவர் இரண்டாம் படியில் தடுமாறுவர். எனவேதான் அஞ்சல் ரசீது, புகாரின் படி, நிலையத்தில் சென்று கேட்ட நாட்களின் குறிப்பு ஆகியவற்றை ஒரே உறையில் வைக்க வேண்டுமென்கிறோம்.

வழக்கு நடக்கும் காலத்தில்

புலன்விசாரணையின் முன்னேற்றத்தைப் புகார் கொடுத்தவருக்கு 90 நாட்களுக்குள் தெரிவித்தல் காவல்துறையின் கடமை. இது 193ஆம் பிரிவில் உள்ளது. குற்றவாளி அகப்படவில்லையென வழக்கை முடிக்கப் போலீஸார் அறிக்கை அளித்தால், அதனை ஏற்பதற்கு முன் நடுவர் புகாரியின் சொல்லையும் கேட்க வேண்டும் என 1985ஆம் ஆண்டில், பகவந்த் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் விதித்தது. அத்தகைய அறிவிப்பு வந்தால் அலட்சியம் கூடாது. ஆட்சேபணை உண்டாயின் தெரிவிக்கலாம். இல்லையெனினும் அந்த முடிவறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுக. காப்புறுதி ஈட்டுத் தொகைக்கு அந்த நகல் பெரிதும் வேண்டப்படும்.

களவு போன பொருள் அகப்பட்டுவிட்டால் மற்றொரு கவலை பிறக்கிறது. பட்டும் சரிகையும் காவல் நிலையப் பொருளறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் என்னாகும்? பட்டு மக்கும், சரிகை கறுக்கும். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், 2002இல், இத்தகைய பொருள்களை நெடுங்காலம் முடக்கி வைத்தலாகாது என உச்ச நீதிமன்றம் கூறிற்று. புதுச்சட்டத்தின் 497ஆம் பிரிவு, நீதிமன்றம் 14 நாட்களுக்குள் பொருளின் விவரப் பட்டியலைத் தயாரித்துப் புகைப்படமும் எடுக்கச் செய்து, பின்னர் 30 நாட்களுக்குள் அதனை ஒப்படைப்பது பற்றி ஆணையிட வேண்டும் என்கிறது. ஆதலால் பொருள் அகப்பட்ட செய்தி கிடைத்தவுடன் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்க. மனுவோடு முதல் தகவல் அறிக்கையின் நகலும், சங்கப் பேரேட்டின் சான்று நகலும் இணைக்கப்படல் வேண்டும். பேரேட்டில் உள்ள எடையும் அறிக்கையில் உள்ள எடையும் ஒத்திருந்தால் பொருள் யாருடையதென்பதில் ஐயம் எழாது. புகாரை விவரமாக எழுதியதன் பலன் இவ்விடத்தே தெரியும்.

அங்கத்தினர் ஒருவர்மீதே வழக்கு வருவதும் உண்டு. அவரும் அறிக்கையின் நகல் பெற உரிமையுடையவர். தாமோ தம் சார்பில் ஒருவரோ விண்ணப்பித்தால் 24 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என மேற்சொன்ன 2016ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. வீட்டில் சோதனை நடந்தால், எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையொப்பமிட்ட நகலை வீட்டில் இருப்பவருக்குத் தரவேண்டும் என்பது 103ஆம் பிரிவு. பட்டியலின்றி ஒரு கட்டைச் சரிகையும் வாசலைக் கடக்கலாகாது.

தகவல் பெறும் உரிமைச் சட்டம்

புகாரியும் அல்லாத, குற்றஞ்சாட்டப்பட்டவரும் அல்லாத ஒருவர் பதிவேட்டைக் காண விரும்பினால் என்ன வழி? மனு என்னவாயிற்று என்று நிலையத்தார் சொல்ல மறுத்தால் என்ன வழி? அதற்கே 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் உள்ளது. உலகில் இத்தகைய சட்டத்தை முதன்முதல் இயற்றிய நாடு சுவீடன், ஆண்டு 1766. நம் நாட்டில் 1990களில் இராஜஸ்தானத்துச் சிற்றூர்களின் கூலியாட்கள், தங்கள் கூலிப் பதிவேட்டின் நகலைக் காட்டுக என்று கேட்டு அறப்போர் நடத்தினர். தமிழ்நாடு 1997இலேயே இதற்கென மாநிலச் சட்டம் இயற்றியது. கூலிக்கு உழைப்போர் கேட்டுப் பெற்ற சட்டம் இது. நெசவாளர் அதனைப் பயன்படுத்தத் தயங்குவதற்குக் காரணம் இல்லை.

விண்ணப்பத்தை வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் சான்று இணைத்தால் கட்டணமில்லை. நகலுக்குப் பக்கமொன்றுக்கு 2 ரூபாய். எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணம் கூறவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் பொதுத் தகவல் அலுவலர் எழுத உதவவேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும், ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். விடை 30 நாட்களுக்குள் வரவேண்டும்; ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாயின் 48 மணி நேரத்துக்குள்.

விடை வாராவிடினும் குறைபட்ட விடை வந்தாலும், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரையில் தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இச்சட்டம் குடிமக்களுக்கு உரிமை தருவது. ஆதலின் சங்கத்தின் பெயரால் கேட்பதைவிட, நிர்வாகி ஒருவர் தம் சொந்தப் பெயரில் கேட்டல் நலம்.

கிடைக்காதவை

யாவும் கிடைக்குமென எண்ணிவிடலாகாது. புலன்விசாரணைக்கோ குற்றவாளியைப் பிடிப்பதற்கோ இடையூறாகும் தகவலை மறுக்கலாம். ஆயினும் "விசாரணை நடக்கிறது" என்று சொல்வது மட்டும் போதாது. எவ்வாறு இடையூறாகும் என்பதைக் காட்டவேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் பகத் சிங் என்பார் வழக்கில் கூறியுள்ளது. இரகசியமாகச் செய்தி கொடுத்தவரின் பெயர் கிடைக்காது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியிடப்படாது. விசாரணை அதிகாரியின் வழக்கு நாட்குறிப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவரும் கேட்க முடியாது. தனிநபரைப் பற்றிய விவரங்களுக்கான விலக்கு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் முன்னினும் விரிந்துள்ளது. பொதுநலன் மேலோங்கி நிற்பதைக் காட்டினால் மட்டுமே அவை வெளிப்படும். ஆகவே அண்டை வீட்டார்மீது எத்தனை வழக்கு என்று கேட்பதற்கு இச்சட்டம் கருவியாகாது.

மாதிரி விண்ணப்பம்

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், திருவண்ணாமலை.

பொருள்: 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், பிரிவு 6(1)இன் கீழ் விண்ணப்பம்.

ஐயா,
…… காவல் நிலையத்தில் …… தேதியில் நான் அளித்த மனு (ரசீது எண் ……) தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் நகல்களை வேண்டுகிறேன்.
1. அம்மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் காட்டும் பதிவு.
2. முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருப்பின் அதன் நகல்.
3. மனு முடிக்கப்பட்டிருப்பின் முடிவு அறிக்கையின் நகல்.
4. மனுவை விசாரிக்கும் அதிகாரியின் பெயரும் பதவியும்.
கட்டணம் 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டப்பட்டுள்ளது. நகல் கட்டணத்தைத் தெரிவித்தால் செலுத்துவேன்.
(கையொப்பம், முகவரி, தேதி)

"ஏன் செய்யவில்லை?", "இது நியாயமா?" என்னும் வினாக்கள் இதில் இல்லாமையைக் கவனிக்க. சட்டம் தருவது பதிவேட்டில் உள்ளதை மட்டுமே. பதிவேட்டில் இல்லாத விளக்கத்தைக் கேட்டால் அதனையே காரணம் காட்டி மனுவைத் தள்ளிவிடுவர்.

சங்கத்தின் கடமை

அங்கத்தினர் தனித்து நின்றால் எளிதில் சோர்ந்துவிடுவார். நூல் வழங்கும்பொழுதே எடையும் மதிப்பும் எழுதிய சீட்டை அவருக்குக் கொடுத்தல், களவு நேர்ந்த அன்றே பேரேட்டின் சான்று நகலைத் தருதல், எழுத்தறிந்த ஒருவரை உடன் அனுப்புதல் ஆகிய மூன்றையும் சங்கம் செய்யுமாயின், களவுக்கு ஆளான குடும்பத்தின்மீது கடனும் சந்தேகமும் ஒருங்கே விழாமல் காக்கலாம். நிர்வாகக் குழு, காவல் நிலைய நகல் வந்து சேரும் வரையில் அங்கத்தினர் பெயரில் உள்ள பற்றை வசூலிக்காது நிறுத்தி வைக்கத் தீர்மானிப்பதும் தக்கதே.

படிப்பு வட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

1. மனு ரசீதுக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் உள்ள வேறுபாடு யாது? உங்களில் எவரிடமேனும் ரசீது மட்டும் நின்றுவிட்டதா?
2. உங்கள் தறியில் இன்று உள்ள பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றின் எடையையும் மதிப்பையும் இப்பொழுதே எழுத முடியுமா?
3. உங்கள் வீடும் வயலும் எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் உள்ளன?
4. களவு போன நூலின் பற்றை நிறுத்தி வைப்பது குறித்துச் சங்கத்தின் துணைவிதிகள் என்ன கூறுகின்றன? கூறாவிடின் அடுத்த பொதுக் கூட்டத்தில் என்ன தீர்மானம் கொண்டுவரலாம்?